மகள் குடியிருக்கும் ஊருக்குக் கிரிஸ்லி கரடி வருகிறது. அவளிடம் நான் எதை வற்புறுத்த வேண்டும்?

மல்லிகா, புக்கிட் பாஞ்சாங்

என் மகள் மருத்துவர். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்திலுள்ள சோட்டோ என்னும் சிற்றூரில் வேலை பார்க்கிறாள். ஊர் எல்லையில் தனி வீடு. பின்புறம் ஓர் ஆப்பிள் மரம், வீட்டுக்காரர் விட்டுப்போன ஏழெட்டுக் கோழிகள், அவற்றுக்கு அப்பால் டீட்டன் ஆற்றங்கரைப் புதர்கள்.

போன வாரம் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் சேற்றில் பதிந்திருந்த ஒரு காலடித் தடத்தைப் படமெடுத்து அனுப்பினாள். அளவு தெரிவதற்காகத் தன் கையுறையைப் பக்கத்தில் வைத்திருந்தாள். தடத்தின் முன் கையுறை சிறியதாகிவிட்டது. விரல் பதிவுகளுக்கு நன்றாகத் தள்ளி முன்னால் ஐந்து நகக்குறிகள். "கிரிஸ்லிதான் அம்மா, அக்கம்பக்கத்தில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்" என்று சாதாரணமாகச் சொல்கிறாள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வா என்கிறார் அவள் அப்பா. ஊருக்கு இருப்பதே விரல்விட்டு எண்ணக்கூடிய மருத்துவர்கள், நான் வரமாட்டேன் என்கிறாள் இவள். அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும். அது நல்ல காரணத்துக்கான பிடிவாதம் என்பதும் தெரியும்.

முன்பு மலைக்குள் இருந்த கரடிகள் இப்போது ஏன் ஊர்ப்பக்கம் வருகின்றன? அங்கே வாழ்ந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அவளிடம் எதை நான் கட்டாயம் செய்யச் சொல்ல வேண்டும்? "கவலைப்படாதீர்கள்" என்ற ஆறுதல் மட்டும் வேண்டாம். அதை நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள்.

ராஜன், தோ பாயோ

அம்மா, அவள் அப்பா சொல்வதுதான் சரி. நான் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறேன். கோழிக்கூண்டு வரைக்கும் வந்த விலங்கு நாளை வாசலுக்கு வரும்.

நம் சிங்கப்பூர்த் தீவிலேயே ஒரு காலத்தில் புலி இருந்தது. மிளகு, காசுக்கட்டித் தோட்டங்களில் வேலை செய்த எத்தனையோ கூலிகள் அதற்கு இரையானார்கள். கடைசிப் புலியை 1930-இல் சுவா சூ காங்கில் சுட்டார்கள். இன்று அந்தப் பக்கத்தில் பிள்ளைகள் பயமில்லாமல் பள்ளிக்குப் போகிறார்கள். அதற்காக நான் வருந்தத் தயாரில்லை. இவ்வளவு பெரிய நாடு, கரடிகளை மலைக்குள்ளேயே நிறுத்தி வைக்க முடியாதா?

வாசுகி, உட்லண்ட்ஸ்

மல்லிகா அக்கா, என் கணவரின் வேலைக்காகப் பல ஆண்டுகள் மொன்டானாவில் கலிஸ்பெல் என்ற ஊரில் குடியிருந்தோம். அது மலைத்தொடரின் மேற்குப் பக்கம், உங்கள் மகள் இருப்பது கிழக்குப் பக்கம். நடுவில் உள்ள காட்டில் இருப்பவை ஒரே கூட்டத்துக் கரடிகள்தான். நான் அறிந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தடம். நகக்குறி விரலிலிருந்து தள்ளி விழுந்திருக்கிறது என்று நீங்கள் கவனித்து எழுதியது நல்லதாயிற்று. கறுப்புக் கரடியின் நகம் குட்டையானது, மரம் ஏறுவதற்காக வளைந்தது. அதன் குறி விரலை ஒட்டியே பதியும். கிரிஸ்லியின் முன்னங்கால் நகம் நம் விரல் நீளம் இருக்கும். மண்ணைக் கிளறிக் கிழங்கெடுக்க அமைந்த நகம் அது. விரல் பதிவுகளும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வரிசையாக இருக்கும். உங்கள் மகள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

ஏன் இப்போது வருகின்றன என்று கேட்டீர்கள். கிரிஸ்லி பிறவியிலேயே மலைவாசி என்று நாம் நினைக்கிறோம். 1805-இல் அமெரிக்க அரசு அனுப்பிய ஆய்வுப் பயணிகளான லூயிஸும் கிளார்க்கும் மிசௌரி ஆற்றோடு மேற்கே போனபோது, இன்றைய மொன்டானாவின் சமவெளியில், ஆற்றோரத்தில்தான் இவற்றைத் திரும்பத் திரும்ப எதிர்கொண்டார்கள். அலாஸ்காவைக் கணக்கில் சேர்க்காமல், அமெரிக்காவின் மேற்குப் பாதியில் அப்போது சுமார் 50,000 கிரிஸ்லிகள் இருந்திருக்கும் என்பது மதிப்பீடு. பிறகு துப்பாக்கி, பொறி, நஞ்சு வைத்த இறைச்சி. கலிஃபோர்னியாவின் மாநிலக் கொடியில் கிரிஸ்லி இன்றும் நடக்கிறது. உயிருள்ள கிரிஸ்லியை அந்த மாநிலத்தில் 1924-க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. 1975-இல் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தபோது எஞ்சியிருந்தவை ஆயிரத்துக்கும் குறைவு. அவையும் மனிதன் எளிதில் போக முடியாத மலைக்காடுகளுக்குள் ஒதுங்கியிருந்தவை. மலை அவை விரும்பித் தேர்ந்தெடுத்த இடம் அல்ல அக்கா, உயிர் பிழைத்த இடம்.

இப்போது இரண்டாயிரத்துக்கு மேல் ஆகிவிட்டன. கிளேசியர் தேசியப் பூங்காவையும் அதன் தெற்கிலுள்ள காடுகளையும் சேர்த்த பகுதியில் மட்டும் ஆயிரத்துக்கு மேல். இது வேகமாகப் பெருகிய கூட்டமில்லை. பெண் கரடி முதல் குட்டி போடவே ஐந்தாறு வயதாகும். குளிர்காலத்தில் குகைக்குள் ஈன்ற குட்டிகளை இரண்டு மூன்று ஆண்டுகள் கூடவே வைத்துக்கொண்டு திரியும், அதுவரை அடுத்த ஈற்று கிடையாது. ஐம்பது ஆண்டுப் பொறுமையின் பலன்தான் இன்றைய எண்ணிக்கை. தாயைவிட்டுப் பிரிந்த இளம் கரடிகளுக்கு இடம் வேண்டும். டீட்டன், சன், மரையாஸ் போன்ற ஆறுகளின் கரைப் புதர்களில் பழமும் மறைவும் கிடைக்கின்றன. அந்த வழியாகவே அவை சமவெளிக்கு இறங்குகின்றன. உங்கள் மகள் வீட்டுப் பின்புறம் அந்தப் பழைய பாதையில் இருக்கிறது.

ராஜன் தம்பி, மலைக்குள் நிறுத்தி வைக்க முடியாதா என்று நீங்கள் கேட்டதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. வேலி போட்டு நிறுத்தக்கூடிய மலைத்தொடர் இல்லை அது.

இனி வேலையைச் சொல்கிறேன். இப்போது செப்டம்பர் முடியப்போகிறது. கரடிக்கு இதுதான் வெறித்தனமாகத் தின்னும் காலம். குளிர் உறக்கத்துக்கு முன் கொழுப்புச் சேர்க்க நாளொன்றுக்கு 20,000 கலோரி வரைக்கும் உண்ணும். நாளெல்லாம் புதரில் பழம் பறித்துத் தின்றாலும் வயிறு நிறையாத அந்த நேரத்தில், ஒரே இடத்தில் ஏழெட்டுக் கோழியும், ஒரு மூட்டை கோழித் தீவனமும், மரத்தடியில் புளித்துக் கிடக்கும் ஆப்பிளும் இருந்தால் அது வராமல் எப்படி இருக்கும்?

எனவே ஆப்பிளை இன்றே பறிக்கச் சொல்லுங்கள். காயாக இருந்தாலும் பரவாயில்லை, மரத்தில் ஒன்று இருக்கக்கூடாது, தரையில் ஒன்று கிடக்கக்கூடாது. கலிஸ்பெல்லில் நாங்கள் சில பெண்கள் சேர்ந்து, வயதானவர்களின் வீட்டு மரங்களில் பழம் பறித்துக் கொடுப்போம். சாக்குச் சாக்காக வரும். குதிரை வைத்திருப்பவர்கள் வந்து அள்ளிப் போவார்கள். அவள் ஊரிலும் கேட்டால் ஆள் கிடைப்பார்கள்.

கோழிகளைக் கொடுத்துவிட முடியுமானால் கொடுத்துவிடட்டும். வைத்துக்கொள்வதானால் மின்வேலி இல்லாமல் ஒரு இரவுகூட வேண்டாம். இதைத்தான் நீங்கள் வற்புறுத்த வேண்டும். மற்றவற்றையெல்லாம் இதற்குப் பிறகு பேசலாம். தேனீப் பெட்டிகளைச் சுற்றிப் போடுவார்களே, அதே வகை. தரையிலிருந்து ஒரு சாணுக்குள் முதல் கம்பி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தோண்டி நுழைந்துவிடும். ஐந்து கம்பி நல்லது. கரடியின் முடி அடர்த்தியானது, உடம்பில் அதிர்ச்சி சரியாக ஏறாது. மூக்கிலோ நாக்கிலோ படும்போதுதான் உறைக்கும். அதனால் வேலியில் 6,000 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று அதற்கான கருவியை வைத்து அடிக்கடி பார்க்க வேண்டும். மின்னோட்டம் மிகச் சிறிய துடிப்புகளாகப் போவதால் கரடியைக் கொல்லாது, மனிதரையும் கொல்லாது. வேலிச் செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் திட்டத்தை டிஃபெண்டர்ஸ் ஆஃப் வைல்ட்லைஃப் அமைப்பு நடத்துகிறது, விசாரிக்கச் சொல்லுங்கள். மொன்டானா மீன், வனவிலங்கு, பூங்காத் துறையில் கரடிகளுக்கென்றே அலுவலர்கள் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். தடத்தைப் பற்றி அவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.

நம் சமையலைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாளித்த எண்ணெயைக் கொல்லைப்புறத்தில் ஊற்றக்கூடாது. நீங்கள் தேக்காவிலிருந்து கருவாடு அனுப்பும் தாயாக இருந்தால், அதை வாசலில் காய வைக்கவோ வண்டியில் விட்டுவைக்கவோ கூடாது. கரடியின் மோப்பம் நாயினுடையதைவிடக் கூர்மையானது. குப்பையைக் குப்பை வண்டி வரும் காலையில்தான் வெளியே வைக்க வேண்டும்.

கரடியை விரட்டும் மிளகாய்த் தெளிப்பான் வாங்கியிருப்பாள். அது பைக்குள் இருந்தால் பயனில்லை, இடுப்பில் தொங்க வேண்டும். சமவெளியில் காற்று பலமாக வீசும், எதிர்க்காற்றில் தன் முகத்திலேயே அடிக்கும். பயிற்சிக்கென்று மருந்தில்லாத குப்பி விற்கிறார்கள். அதை வாங்கி நாலைந்து முறை அடித்துப் பழகச் சொல்லுங்கள். கொசு மருந்துபோல் வீட்டைச் சுற்றித் தெளித்து வைப்பவர்கள் உண்டு, அதைச் செய்யவே கூடாது. காய்ந்த பிறகு அந்த வாசனையே கரடியை இழுக்கும். கரடியை நேரில் பார்த்தால் ஓடக்கூடாது, குதிரை வேகத்தில் துரத்த வல்லது. முகத்தை அதன் பக்கம் வைத்தபடியே மெதுவாகப் பின்வாங்க வேண்டும்.

இதையெல்லாம் உங்கள் மகளுக்காக மட்டும் எழுதவில்லை. ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும் என்பார்கள். கோழியின் ருசி கண்ட கரடி கூண்டுக்குக் கூண்டு தாவும். முதலில் பிடித்து வேறு காட்டில் விடுவார்கள். அது திரும்பி வரும். கடைசியில் ஊசி போட்டோ சுட்டோ கொல்வார்கள். ஹக்கிள்பெர்ரி படர்ந்த சரிவில் ஒரு தாயும் இரண்டு குட்டிகளும் மேய்வதைத் தொலைநோக்கி வழியாக வெகுநேரம் பார்த்திருக்கிறேன். அத்தனை பெரிய வாய், உதட்டை மட்டும் நீட்டி, இலை கலையாமல் பழத்தை உருவி எடுக்கிறது. குட்டி பழுக்காத காயைக் கடித்துவிட்டுத் துப்புகிறது. அப்படி வாழத் தெரிந்த உயிரை நம் கோழிக்கூண்டு கெடுத்துக் கொல்கிறது என்றால் என்னால் பொறுக்க முடியாது.

கோத்தகிரி ஜெயா, ஜூரோங் வெஸ்ட்

வாசுகி அக்கா எழுதியதை அப்படியே எங்கள் ஊருக்குப் பொருத்திப் படித்தேன். நீலகிரியில் இருப்பது வேறு இனம், கிரிஸ்லியைவிடச் சிறியது. ஆனால் மனிதரைத் தாக்கினால் பாதிப்பு கடுமையாக இருக்கும். தேயிலைத் தோட்டங்களுக்குள் பகலிலேயே நடமாடுகின்றன. கோயில் கதவை உடைத்து விளக்குக்கு வைத்த எண்ணெயைக் குடித்துவிட்டுப் போவது எங்கள் பக்கத்தில் வழக்கமான செய்தி. விளக்கை உருட்டி, எண்ணெய்த் தூக்கைக் கவிழ்த்து, தரையை நக்கிவிட்டுப் போயிருக்கும். சத்துணவுக் கூடம், ரேஷன் கடை, எங்கே எண்ணெய் இருக்கிறதோ அங்கே வரும்.

எங்கள் பெரியப்பா ஊர்க் கோயிலில் பூசை செய்தவர். கரடி வந்து போன பிறகு, இரவில் எண்ணெயைக் கோயிலில் வைப்பதை நிறுத்தினார். விளக்கைக் கழுவித் துடைத்துவிட்டுத் தூக்கை வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவார். சாமிக்கு இரவு விளக்கு இல்லையா என்று ஊரில் சிலர் கோபித்துக்கொண்டார்கள். காலையில் ஏற்றுகிறேன் என்று சொல்லிவிட்டார். அதன்பின் அந்தக் கோயில் கதவு உடையவில்லை.

மல்லிகா அம்மா, உங்கள் பேட்டையிலும் காட்டுப்பன்றி வருகிறதே. ரொட்டித் துண்டு போடுகிறவர்களை நீங்கள் பார்த்ததில்லையா? 2020 ஜூன் முதல் வனவிலங்குக்கு உணவு போட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம், மீண்டும் செய்தால் 10,000 வரை. அப்படியும் போடுகிறார்கள். 2021-இல் பொங்கோலில் ஒரு பன்றி இருவரைக் காயப்படுத்தியது நினைவிருக்கும். மனிதரிடம் தின்னப் பழகிய விலங்கு மனிதரை நெருங்கும். கோத்தகிரியாக இருந்தால் என்ன, பொங்கோலாக இருந்தால் என்ன.

ராஜன், தோ பாயோ

வாசுகி அக்கா, விரிவாக எழுதியதற்கு நன்றி. ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை. வேலி, தெளிப்பான், பூட்டுப் போட்ட குப்பைத்தொட்டி, எல்லாச் சுமையும் அங்கே குடியிருப்பவன் தலையில். கன்றுக்குட்டியை இழந்த மாட்டுக்காரனிடம் போய் ஐம்பது ஆண்டுப் பொறுமை என்று சொல்ல முடியுமா? கரடி வேண்டும் என்று குரல் கொடுப்பவர்கள் பெரும்பாலும் தொலைவிலுள்ள நகரங்களில் இருப்பவர்கள். எத்தனை முன்னெச்சரிக்கை எடுத்தாலும் உயிர் போகாது என்று உறுதி கொடுக்க முடியுமா?

வாசுகி, உட்லண்ட்ஸ்

உறுதி கொடுக்க முடியாது, தம்பி. கொடுப்பவரை நம்பவும் வேண்டாம்.

சோட்டோவுக்குத் தென்மேற்கே, பிளாக்ஃபுட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஓவாண்டோ என்று ஓர் ஊர் இருக்கிறது. கரடியோடு வாழ்வதில் அந்தப் பள்ளத்தாக்கு மற்றவர்களுக்கு வழிகாட்டி. அங்குள்ள மாட்டுப்பண்ணைக்காரர்களே "பிளாக்ஃபுட் சேலஞ்ச்" என்ற அமைப்பில் சேர்ந்து, கன்று ஈனும் கொட்டில்களுக்கு மின்வேலி போட்டார்கள். இறந்த மாடுகளை முன்பெல்லாம் மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில் இழுத்துப் போட்டுவிடுவார்கள். வசந்தத்தில் பசியோடு வெளிவரும் கரடிக்கு அதுதான் முதல் விருந்து. இப்போது வண்டி வைத்துப் பண்ணை பண்ணையாகப் போய் அந்த உடல்களை அகற்றுகிறார்கள். மோதல்கள் வெகுவாகக் குறைந்தன. அதே ஓவாண்டோவில் 2021 ஜூலையில், ஊருக்கு நடுவே கூடாரம் போட்டுத் தூங்கிய ஒரு சைக்கிள் பயணியை, ஒரு பெண்ணை, கிரிஸ்லி கொன்றது. அதே இரவில் ஊருக்குள் ஒரு கோழிக்கூண்டையும் அது உடைத்திருந்தது. சில நாட்களில் பக்கத்தில் இன்னொரு கோழிக்கூண்டுக்கு வந்தபோது சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கோழிக்கூண்டுகளை நினைத்துத்தான் மல்லிகா அக்காவுக்கு அத்தனை அழுத்தமாக எழுதினேன்.

யெல்லோஸ்டோன் பூங்காவில் சுமார் 27 லட்சம் வருகைகளுக்கு ஒருவர்தான் கிரிஸ்லியால் காயமடைகிறார் என்று எடுத்துக்காட்டுவார்கள். அது வந்து போகும் சுற்றுலாப் பயணிகளின் கணக்கு, பெரும்பாலோர் வண்டியைவிட்டு இறங்காதவர்கள். ஆற்றங்கரையில் குடியிருக்கும் ஒருத்திக்கு அந்தக் கணக்கைச் சொல்லி ஆறுதல் தருவது சரியில்லை என்பதால்தான் முதலில் நான் அதை எழுதவில்லை.

மாட்டுக்காரர் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கரடியோ ஓநாயோ கொன்றது என்று உறுதியானால் மாநில வாரியம் இழப்பீடு தருகிறது. ஆனால் காணாமற்போன கன்றுக்கு யார் சாட்சி? இரவெல்லாம் கண்விழித்த களைப்புக்கு என்ன விலை? கரடி வேண்டும் என்கிற நாம்தான் வேலிக்கும் வண்டிக்கும் காசு தர வேண்டும். நான் இங்கிருந்து இன்றும் ஆண்டுதோறும் அனுப்புகிறேன். அங்கே நான் பார்த்த மாட்டுக்காரர்களில் பலர் கரடியை ஒழி என்று கேட்கவில்லை. தங்களைத் தனியாக விட்டுவிடாதீர்கள் என்றுதான் கேட்டார்கள்.

சுவா சூ காங் புலியைப் பற்றி நீங்கள் சொன்னது மட்டும் எனக்கு வலித்தது. அந்தக் கூலிகள் இறந்ததற்குக் காடு வெட்டும் இடத்தில் காவலில்லாமல் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்தியவர்களும் பொறுப்பு. புலியைச் சுட்டதால் அந்தக் கணக்கு தீர்ந்துவிடவில்லை.

மல்லிகா, புக்கிட் பாஞ்சாங்

அனைவருக்கும் நன்றி. ராஜன் தம்பி, நீங்கள் கேட்டவை எல்லாம் என் மனத்திலும் இருந்த கேள்விகள்தான். வாசுகி, உங்கள் பதிலை அப்படியே மகளுக்கு அனுப்பினேன். ஓவாண்டோ பகுதியைப் படித்ததும் உடனே அழைத்தாள். "அம்மா, கோழிகளை மருத்துவமனைத் தாதி ஒருத்தியின் பண்ணைக்குக் கொடுத்துவிடுகிறேன், அங்கே வேலி இருக்கிறது" என்றாள். ஆப்பிள் பறிக்க அடுத்த வீட்டுப் பெரியவர் ஏணி கொண்டு வருகிறாராம். கரடி அலுவலரிடமும் பேசிவிட்டாள். தடத்தைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கருவாடு நான்தான் அனுப்பினேன், ஒரு கிலோ. அவள் அதை வீட்டுக்குப் பின்னாலுள்ள மரக்கொட்டகையில், தகர டப்பாவில் வைத்திருக்கிறாளாம். கோழித் தீவன மூட்டையும் அங்கேதான் இருந்ததாம். கோழி போனாலும் அந்த வாசனை இருக்குமே, அதற்கு என்ன செய்வது?

வாசுகி, உட்லண்ட்ஸ்

தீவனம் கோழிகளோடு போகட்டும், சிந்திய மணிகளைக் கூட்டி அள்ளி அதோடு சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். கருவாட்டை இன்றே கண்ணாடிப் புட்டியில் போட்டு இறுக மூடி, வீட்டுக்குள் உறைபெட்டியில் வைக்க வேண்டும். தகர டப்பா கரடிக்கு ஒரு தடையே இல்லை. கொட்டகைத் தரையையும் கூண்டு இருந்த இடத்தையும் அம்மோனியா கலந்த தண்ணீரால் கழுவிவிடட்டும். அம்மோனியாவோடு பிளீச் சேர்க்கவே கூடாது, நச்சுப் புகை வரும். மருத்துவர், தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்லிவிடுங்கள். கழுவும் வேலையைப் பகலில், யாரையாவது துணைக்கு வைத்துக்கொண்டு செய்யட்டும். கரடி நவம்பர் வரைக்கும் நடமாடும், சில ஆண்டுகளில் டிசம்பர்கூட ஆகும். அதுவரை இருட்டிய பிறகு பின்வாசலைத் திறப்பதற்கு முன் விளக்கைப் போட்டுவிட்டு, சத்தமாக ஏதாவது பேசிக்கொண்டே இறங்கச் சொல்லுங்கள்.